நோன்பு மாதத்தில் ஜகாத்: கணக்கிடுவதும் கொடுப்பதும்

ஒரு நோட்டு, வங்கிப் பாஸ்புக், நகைகளின் எடைச் சீட்டு, கடை இருந்தால் சரக்கு இருப்புக் கணக்கு. இவற்றை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஷஅபான் மாதத்தின் கடைசி வாரம் இதற்கு வசதி. நோன்பு தொடங்கிவிட்டால் பகலில் அசதி, இரவில் தராவீஹ், கடைசிப் பத்தில் பெருநாள் துணி வாங்கும் ஓட்டம். கணக்கு கடைசி நாளுக்குத் தள்ளிப்போய் 'உத்தேசமாக ஒரு பத்தாயிரம்' என்பதில் வந்து நிற்கும். ஜகாத்தில் உத்தேசம் கூடாது. அது உங்கள் பணத்துக்குள் இருக்கும் இன்னொருவருடைய பங்கு. அடுத்தவர் பங்கை யாரும் குத்துமதிப்பாகப் பிரித்துக் கொடுப்பதில்லை.

தமிழகக் கடலோர ஊர்களிலும் இலங்கையிலும் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர் அதிகம். உள்மாவட்டங்களிலும் வடக்கிலும் ஹனஃபிகள் அதிகம். ஜகாத் கணக்கில் இரண்டுக்கும் சில இடங்களில் வேறுபாடு உண்டு. வேறுபடும் இடங்களில் இரண்டையும் சொல்லியிருக்கிறேன். உங்கள் வழி எதுவோ அதை முழுக்கப் பின்பற்றுங்கள். நகைக்கு ஷாஃபி, கடனுக்கு ஹனஃபி என்று லாபமான பக்கமாகத் தாவ வேண்டாம்.

முதலில் உங்கள் தேதியைக் கண்டுபிடியுங்கள்

ஜகாத்துக்கும் ரமலானுக்கும் கட்டாயத் தொடர்பு இல்லை. உங்கள் சொத்து நிஸாப் என்னும் குறைந்தபட்ச அளவைத் தொட்ட நாளிலிருந்து ஒரு ஹிஜ்ரி ஆண்டு முடிந்தால் ஜகாத் கடமையாகிறது. நன்மை அதிகம் என்பதால் மக்கள் ரமலானில் கொடுக்கிறார்கள். அது நல்ல வழக்கம்தான். ஆனால் ரஜபில் ஆண்டு முடிகிறவர் 'நோன்பில் கொடுத்துக்கொள்ளலாம்' என்று இரண்டு மாதம் பிடித்து வைக்கக் கூடாது. ஷவ்வாலில் முடிகிறவர் ரமலானிலேயே முன்கூட்டிக் கொடுத்துவிடலாம். தாமதிக்கத்தான் தடை. முந்திக்கொள்ளத் தடையில்லை.

தேதி நினைவில் இல்லாதவர்கள் செய்ய வேண்டியது:

1. முதல் வேலை, முதல் தொழில், திருமண நகை, சொத்து விற்ற பணம் என்று கையில் கணிசமான பணம் சேர்ந்த காலத்தை யோசியுங்கள்.
2. மனத்துக்குச் சரியெனப்படும் ஒரு ஹிஜ்ரித் தேதியைத் தீர்மானியுங்கள். சந்தேகம் இருந்தால் ரமலான் 1.
3. அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இனி ஆண்டுதோறும் அதே தேதிதான்.

குறிப்பு: ஹிஜ்ரி ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாட்கள். கடைக் கணக்கு மார்ச் 31-இல் முடிகிறது என்பதற்காக ஆங்கிலத் தேதியை வைத்துக்கொள்பவர்கள் 2.5 சதவீதத்துக்குப் பதில் 2.58 சதவீதம் கொடுத்தால் அந்த 11 நாட்கள் ஈடாகும். இல்லாவிட்டால் 33 ஆண்டுகளில் ஓர் ஆண்டு ஜகாத் காணாமல் போயிருக்கும்.

நிஸாப்: கடமை தொடங்கும் கோடு

தங்கத்துக்கு 20 மிஸ்கால், வெள்ளிக்கு 200 திர்ஹம். இன்றைய எடையில் தங்கம் 85 கிராம் என்பது ஒரு கணக்கு, 87.48 கிராம் என்பது இந்திய ஹனஃபி ஆலிம்களின் கணக்கு. வெள்ளி 595 கிராம் அல்லது 612.36 கிராம். பவுனில் சொன்னால் தங்கம் 11 பவுனுக்குச் சற்றுக் குறைவு. இது சுத்தத் தங்கத்தின் எடை. 916 நகையில் கணக்கிட்டால் கோடு பன்னிரண்டு பவுனை ஒட்டி வரும்.

ரொக்கமும் சரக்கும் வைத்திருப்பவர் எந்தக் கோட்டைப் பார்ப்பது? இன்று வெள்ளிக் கோடு தங்கக் கோட்டைவிட மிகவும் தாழ்வாக இருக்கிறது. ஏழைக்கு அதுவே பயன் என்பதால் ஹனஃபி ஆலிம்கள் வெள்ளியைத்தான் சொல்கிறார்கள். என் கருத்தும் அதுவே. தங்கத்தை அளவாகக் கொள்ளும் ஆலிம்களும் உண்டு. தங்கம் மட்டுமே வைத்திருந்து, கையில் வேறு பணமோ வெள்ளியோ இல்லாதவருக்குத் தங்கத்தின் கோடுதான்.

ஆண்டின் நடுவில் பணம் கோட்டுக்குக் கீழே போய் மறுபடி ஏறினால்? ஹனஃபி வழியில் ஆண்டின் தொடக்கமும் முடிவும்தான் கணக்கு. இடையில் முழுவதுமாகத் தீர்ந்துபோனால் மட்டுமே புது ஆண்டு தொடங்கும். ஷாஃபி வழியில் ரொக்கத்துக்கும் தங்கத்துக்கும் ஆண்டு முழுக்க அளவு குறையாமல் இருக்க வேண்டும்.

கணக்குத் தாள்: வரிசைப்படி எழுதுங்கள்

படி 1. ரொக்கம். கையில், பீரோவில், வங்கியில், யூபிஐ வாலட்டில் இருப்பது எல்லாம். ஹஜ்ஜுக்கோ மகள் திருமணத்துக்கோ சேர்த்து வைத்த பணமும் இதில் சேரும். நிரந்தர வைப்புத் தொகையில் அசல் மட்டும். வட்டியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அதை நன்மையை எதிர்பார்க்காமல் தேவையுள்ளவர்களிடம் தள்ளிவிட வேண்டும். வட்டிப் பணத்தை ஜகாத்தாகக் கொடுத்தால் ஜகாத் நிறைவேறாது.

படி 2. தங்கம், வெள்ளி. இதற்குத் தனித் தலைப்பு கீழே.

படி 3. வியாபாரச் சரக்கு. விற்பதற்காக வாங்கியது எதுவும் சரக்குதான். கடையின் ரேக், தராசு, குளிர்சாதனப் பெட்டி, டெலிவரி வண்டி ஆகியவை சரக்கு அல்ல. விலை போடும்போது வாங்கிய விலையைப் பார்க்காதீர்கள். கணக்கு நாளில் சரக்கு என்ன விலைக்குப் போகுமோ அதுதான். மூன்று ஆண்டுகளாக அடியில் கிடக்கும் பழைய துணிக்கு இன்று என்ன கிடைக்குமோ அதைப் போட்டால் போதும்.

மனை விஷயத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். விற்று லாபம் பார்க்கவென்றே வாங்கிய மனை வியாபாரச் சரக்கு. இன்றைய விலைக்கு ஆண்டுதோறும் ஜகாத் உண்டு. வீடு கட்டவோ மகளுக்கு எழுதி வைக்கவோ வாங்கியிருந்தால் இல்லை. வாங்கும்போது மனத்தில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. அதற்கு நீங்கள்தான் சாட்சி. வாடகைக்கு விட்ட கட்டடத்துக்கு ஜகாத் இல்லை. வந்த வாடகையில் மிச்சம் இருப்பது படி 1-இல் சேரும்.

படி 4. வரவேண்டிய கடன். கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கையுள்ள கடனைச் சேருங்கள். வராது என்று கைவிட்டதைச் சேர்க்க வேண்டாம். வந்தால் அப்போது பார்க்கலாம். ஏலச்சீட்டில் இன்னும் எடுக்காமல் கட்டிவரும் தொகை, நீங்கள் அடுத்தவர்களிடம் கொடுத்து வைத்த பணம் போன்றதுதான். அதையும் சேருங்கள். எடுத்துவிட்ட சீட்டில் மீதித் தவணை உங்கள் கடன். பி.எஃப். பணத்தில் கட்டாயப் பிடித்தம் கைக்கு வரும்வரை கணக்கில் வராது என்பது இந்திய ஆலிம்கள் பலரின் தீர்ப்பு. நீங்களே விரும்பிக் கூடுதலாகப் போடுவது வரும். வீட்டு அட்வான்ஸ், ஒத்திப் பணம், அடகில் இருக்கும் நகை ஆகிய மூன்றிலும் தீர்ப்புகள் மாறுபடுகின்றன. ஊர் ஆலிமிடம் உங்கள் சீட்டையும் பத்திரத்தையும் காட்டிக் கேளுங்கள்.

படி 5. கழிக்க வேண்டியது. ஹனஃபி வழியில் சரக்குக் கடன், கொடுக்க வேண்டிய சம்பளம், நிலுவை வாடகை, கைமாற்று ஆகியவற்றைக் கழிக்கலாம். ஷாஃபி வழியில் கடன் இருந்தாலும் ஜகாத் உண்டு, கழிப்பதில்லை. 20 ஆண்டு வீட்டுக் கடன் முழுவதையும் கழித்துவிட்டு 'எனக்கு ஜகாத்தே இல்லை' என்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைய ஆலிம்கள் பலரும் அந்த ஆண்டுக்குரிய தவணைகளை மட்டும்தான் கழிக்க அனுமதிக்கிறார்கள்.

படி 6. மீதியை 40-ஆல் வகுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு

ஹனஃபி வழியில் நிற்கும் ஒரு சிறு ஜவுளிக் கடைக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

சரக்கு 8,40,000
வங்கியில் 1,63,000, அதில் வட்டி 3,000 போக 1,60,000
கையிருப்பு 22,000
வரவேண்டிய கடன் 50,000
எடுக்காத சீட்டில் கட்டியது 60,000
கூட்டினால் 11,32,000

மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியது 2,65,000
சம்பளம், வாடகை நிலுவை 31,000
கழித்தால் மீதி 8,36,000

நாற்பதில் ஒன்று 20,900 ரூபாய். வெள்ளிக் கோட்டைத் தாண்டிவிட்டதா என்று ஒரு கிராம் வெள்ளியின் அன்றைய விலையை 612.36-ஆல் பெருக்கிப் பாருங்கள். இவர் தாராளமாகத் தாண்டுகிறார்.

இந்தத் தாளில் மனைவியின் நகை இல்லை என்பதைக் கவனியுங்கள். அது அவருடைய சொத்து, அவருடைய கடமை. கணவர் கட்டலாம், ஆனால் மனைவியிடம் சொல்லி அவர் சம்மதத்துடன் கட்ட வேண்டும். ஷாஃபி வழியில் சிறுபிள்ளைகளின் பெயரில் உள்ள பணத்துக்கும் ஜகாத் உண்டு, பொறுப்பாளர் எடுத்துக் கொடுப்பார். ஹனஃபி வழியில் பருவமடையாத பிள்ளையின் பணத்துக்கு இல்லை.

நகை

ஹனஃபி வழியில் அணிகிற நகைக்கும் ஜகாத் உண்டு. ஷாஃபி வழியில் பெண் வழக்கமாக அணியும் நகைக்கு இல்லை. ஆனால் முதலீடாக வாங்கி லாக்கரில் பூட்டிய நாணயம், கட்டித் தங்கம், ஊர் வழக்கத்தை மீறிய அளவு நகை ஆகியவற்றுக்கு அங்கும் உண்டு. காயல்பட்டினத்துப் பெண்ணை வேலூர் மாப்பிள்ளை கட்டிய வீட்டில் இது ஆண்டுதோறும் ஒரு மாலை நேரப் பேச்சாகவே ஆகிவிடும். நகை யாருடையதோ அவர் பின்பற்றும் வழிதான் செல்லும்.

1. எல்லா நகையையும் எடை போடுங்கள். கல், முத்து, அரக்கின் எடையைக் கழியுங்கள்.
2. 15 பவுன் என்றால் 120 கிராம். அதில் நாற்பதில் ஒன்று 3 கிராம்.
3. அன்றைய 22 காரட் விலையால் அந்த 3 கிராமைப் பெருக்குங்கள். செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. சேர்க்க வேண்டாம்.

கையில் ரொக்கம் இல்லாத பெண்கள் 'நகையை விற்றா கொடுப்பது?' என்று கேட்பதுண்டு. மாதாமாதம் சிறிது சிறிதாக முன்கூட்டியே கொடுத்துவந்து, ஆண்டு முடிவில் மீதியைக் கட்டலாம். ஒவ்வொரு முறையும் கொடுக்கும்போது ஜகாத் என்ற நிய்யத் வேண்டும், நோட்டில் வரவு வைக்கவும் வேண்டும்.

ஒருமுறை ஜகாத் கொடுத்த பொருளுக்கு மறுபடி ஜகாத் இல்லை என்ற கருத்தும் தமிழகத்தில் பேசப்படுகிறது. நான்கு மத்ஹபுகளிலும் ஆண்டுதோறும் உண்டு என்பதே நிலை. இந்த நூல் அதன்படியே போகிறது.

யாருக்குக் கொடுப்பது

குர்ஆனின் ஒன்பதாவது அத்தியாயம், 60-வது வசனம் எட்டு வகையினரைச் சொல்கிறது. நம் தெருவில் எளிதில் காணக்கூடியவர்கள் மூன்று பேர்: ஏழை, வருமானம் போதாதவர், கடனில் மூழ்கியவர்.

கொடுக்கக் கூடாதவர்கள்: பெற்றோர், பாட்டன் பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மனைவி. இவர்களை எப்படியும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். அண்ணன், தங்கை, மாமி, சாச்சா, அவர்களின் பிள்ளைகள் ஏழையாக இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். முதலில் பார்க்க வேண்டியவர்களும் அவர்கள்தான். பள்ளிவாசல் கட்டடம், மினாரா, மையவாடிச் சுவர், நோன்புக் கஞ்சி இவற்றுக்கு ஜகாத் செல்லாது. ஒரு மனிதர் கையில் அது உடைமையாகச் சேர வேண்டும். கஞ்சிக்குக் கொடுத்த அரிசி மூட்டையை ஜகாத்தில் கழிப்பது பரவலான தவறு. கஞ்சிக்குத் தனியாகக் கொடுங்கள். முஸ்லிம் அல்லாத அண்டைவீட்டாருக்கு உதவ வேண்டுமா, சதக்காவிலிருந்து கொடுங்கள். அதற்கு எல்லையே இல்லை.

இன்னும் சில தவறுகள். வேலையாளுக்குச் சம்பளம், போனஸுக்கு ஈடாக ஜகாத் கொடுத்தால் அது ஜகாத் ஆகாது. சம்பளத்தைச் சம்பளமாகக் கொடுத்துவிட்டு, அவர் ஏழையென்றால் வேறாகக் கொடுங்கள். 'நீ தரவேண்டிய கடனை ஜகாத்தில் கழித்துவிட்டேன்' என்பதும் ஹனஃபி, ஷாஃபி இரு வழிகளிலும் செல்லாது. பணத்தை அவர் கையில் கொடுங்கள். அவர் தம் விருப்பப்படி கடனை அடைத்தால் அது வேறு விஷயம். முன்நிபந்தனை மட்டும் கூடாது.

கொடுக்கும் முறையும் பாதுகாப்பும்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2008 செப்டம்பரில் இந்தோனேசியாவின் பசுருவானில், ஒரு செல்வந்தர் வீட்டு வாசலில் ஜகாத் வாங்கக் கூடிய நெரிசலில் 21 பெண்கள் இறந்தார்கள். 2015 ஜூலையில் வங்கதேசத்தின் மைமன்சிங்கில் ஜகாத் துணி வாங்கப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் மிதிபட்டு இறந்தார்கள். 2023 ஏப்ரலில் ஏமனின் சனாவில் வியாபாரிகள் பணம் கொடுத்த இடத்தில் சுமார் 80 பேர். மூன்றும் நோன்பு மாதத்தில் நடந்தவை. கடை வாசலில் வரிசை நிற்கவைத்து ஆளுக்கு ஐம்பது ரூபாய் கொடுக்கும் வழக்கம் நம் ஊர்க் கடைவீதிகளிலும் இருக்கிறது. அதை நிறுத்துங்கள். ஐம்பது ரூபாய்க்காக ஒரு முதியவளை வெயிலில் நோன்போடு நிற்கவைப்பது உதவி அல்ல.

இதற்கு மாற்று:

1. ரமலானுக்கு முன்பே பெயர்ப் பட்டியல் போடுங்கள். மஹல்லா மோதினார், பெண்கள் மதரஸா உஸ்தாதா, மருந்துக்கடைக்காரர் ஆகியோருக்குத் தெரியும், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் கேட்க வெட்கப்படுகிறார்கள் என்று.
2. தொகையை உதிரியாகச் சிதறவிடாதீர்கள். 20,900 ரூபாயை நானூறு பேருக்குப் பிய்த்துக் கொடுப்பதைவிட, ஒருவருக்குத் தையல் எந்திரம் வாங்கவும் இன்னொருவருக்கு மூன்று மாத வாடகை நிலுவை தீர்க்கவும் கொடுங்கள். ஹனஃபி வழியில் கடனாளி அல்லாத ஒருவருக்கு நிஸாப் அளவு மொத்தமாகக் கொடுப்பது விரும்பத்தக்கதல்ல. அதற்குள் நிறுத்துங்கள்.
3. இரவில், வீட்டுக்கே போய், உறையில் கொடுங்கள். 'இது ஜகாத்' என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மனத்தில் நிய்யத் இருந்தால் போதும்.
4. படம் எடுக்காதீர்கள்.

ரமலான் வந்தால் மலிவுச் சேலையும் கைலியும் கட்டுக்கட்டாய் வாங்கிக் கொடுப்பவர்கள், தாங்கள் பெருநாளன்று உடுத்தாத துணியைக் கொடுக்கிறோம் என்பதை நினைத்துப் பார்க்கட்டும். பணமாகக் கொடுத்தால் வாங்குபவர் தம் தேவையைத் தாமே தீர்மானிப்பார்.

பைத்துல்மால் மூலம் கொடுப்பது நல்ல வழி, குறிப்பாக ஊரில் இல்லாதவர்களுக்கு. மூன்றைக் கேளுங்கள்: ஜகாத்துக்குத் தனிக் கணக்கு உண்டா, எத்தனை நாளில் உரியவர் கைக்குப் போகும், ரசீது தருவார்களா. ரசீதில் 'ஜகாத்' என்று எழுதி வாங்குங்கள். வெளிநாட்டுப் பணத்தை ட்ரஸ்டுக்கு அனுப்புபவர்கள், அந்த ட்ரஸ்டுக்கு வெளிநாட்டு நன்கொடை பெறும் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். தனிப்பட்ட உறவினர் கணக்குக்கு அனுப்ப அந்தச் சிக்கல் இல்லை.

எச்சரிக்கை: நோன்பில் வாட்ஸ்அப்பில் மருத்துவமனைப் படுக்கைப் படமும் கியூஆர் கோடும் சுற்றும். பணம் போடும் முன் ஸ்கேன் செய்தால் வரும் பெயரும் நோயாளியின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். மருத்துவமனையின் பொது எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

எச்சரிக்கை: தேர்தல் நேரத்தில் நடத்தை விதி நடைமுறையில் இருக்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாமல் எடுத்துச் சென்றால் பறக்கும் படை பிடித்து வைக்கும். 2024-இல் நோன்பின் பெரும்பகுதி மக்களவைத் தேர்தல் விதிக்குள்தான் போனது. வங்கியில் எடுத்த சீட்டைக் கையோடு வைத்திருங்கள், அல்லது கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்.

ஃபித்ரா: இது வேறு கணக்கு

ஜகாத் கொடுத்துவிட்டேன், ஃபித்ரா எதற்கு என்று நினைக்க வேண்டாம். ஃபித்ரா சொத்துக்கு அல்ல, தலைக்கு. நோன்பு வைக்க முடியாத நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் சேர்த்துக் குடும்பத் தலைவர் கொடுக்கிறார். ஷாஃபி வழியில் பெருநாள் இரவுக்கும் பகலுக்கும் தன் வீட்டுச் சாப்பாடு போக மிச்சம் இருந்தாலே கடமை. ஹனஃபி வழியில் தேவை போக நிஸாப் அளவு இருக்க வேண்டும். கடைசி நோன்பின் மஃரிப்புக்கு முன் பிறந்த குழந்தைக்கு இரு வழியிலும் உண்டு. மஃரிப்புக்குப் பின் ஃபஜ்ருக்கு முன் பிறந்தால் ஹனஃபி வழியில் மட்டும் உண்டு.

அளவு: ஷாஃபி வழியில் ஊரின் பிரதான உணவில் ஒரு ஸாவு என்னும் அளவு. நம் ஊரில் அரிசி. ஜமாஅத்துகள் பொதுவாக இரண்டரையிலிருந்து 3 கிலோ வரை அறிவிக்கின்றன. பணமாகக் கொடுப்பது அந்த வழியில் இல்லை. ஹனஃபி வழியில் கோதுமையில் அரை ஸாவு, அதாவது 1.633 கிலோ, அல்லது பேரீச்சை, திராட்சை, வாற்கோதுமையில் ஒரு ஸாவு. அதன் விலையைப் பணமாகவும் கொடுக்கலாம். வசதியுள்ளவர்கள் மலிவான கோதுமைக் கணக்கிலேயே நிற்காமல் பேரீச்சை விலையில் கொடுத்துப் பார்க்கலாம்.

நேரம்: பெருநாள் தொழுகைக்கு முன். தொழுகை முடிந்து கொடுத்தால் அது சாதாரண தர்மமாகிவிடும் என்று நபிமொழி எச்சரிக்கிறது. பிறை தெரிந்த இரவில் ஓடுவதைவிட இரண்டு மூன்று நாள் முன்பே கொடுங்கள், வாங்குபவர் பெருநாளுக்குச் சமைக்க வேண்டாமா? அரிசி உங்கள் வீட்டில் பொங்கும் ரகமாக இருக்கட்டும். ஒரே வீட்டுக்குப் பத்துப் பேர் பத்து ரக அரிசியைக் கொட்டி, அந்தம்மா அதைக் கடையில் பாதி விலைக்குப் போடுவது ஊருக்கு ஊர் நடக்கிறது. தெருவில் நாலு வீடு சேர்ந்து பேசிப் பிரித்துக்கொண்டால் இது நிற்கும். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களின் ஃபித்ரா அவர்கள் இருக்கும் ஊரின் அளவு, விலைப்படி. ஷாஃபி வழியில் அங்கேயே கொடுப்பதுதான் முறை.

விட்டுப்போன ஆண்டுகள்

ஜகாத் காலம் கடந்தால் கழிந்துவிடாது. ஐந்து ஆண்டு கொடுக்கவில்லை என்றால் ஐந்தும் பாக்கி. பழைய பாஸ்புக்கை வைத்து ஒவ்வோர் ஆண்டின் இருப்பையும் முடிந்தவரை கண்டுபிடித்து, சந்தேகம் வரும் இடத்தில் கூடுதலாகவே போட்டு, தவணையாகக் கொடுத்துத் தீருங்கள். கட்டி முடிக்கும் முன் மரணம் வந்தால், ஷாஃபி வழியில் வாரிசுகள் பங்கு பிரிக்கும் முன் அதைக் கொடுத்தாக வேண்டும். ஹனஃபி வழியில் நீங்கள் வஸிய்யத் செய்திருந்தால் மட்டுமே, அதுவும் மூன்றில் ஒரு பங்குக்குள். எனவே பாக்கித் தொகையை இந்த நோட்டிலேயே தேதி போட்டு எழுதி, அதைப் பற்றி வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.